அமைப்பை வாசிக்க முடியவில்லை

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கடையை மறுபடி திறந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. முதலாளியின் போன் மேசையில் கிடந்து ஒலித்தது. கையில் சோல்டரிங் அயன் இருந்ததால் எடுத்துக் காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டார். அதனால்தான் தடுப்புக்குப் பின்னால் இருந்த எனக்கும் அந்தக் கதை முழுவதும் கேட்டது.

பேசியவர் வரிப்பத்தான்சேனைப் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றின் நம்பிக்கையாளர் சபைத் தலைவர். முந்திய நாள் இரவு இஷாத் தொழுகைக்கு அவர்களுடைய பள்ளியில் நடந்ததை ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு சொன்னார். பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்திலேயே நாங்கள் செய்து கொடுத்த நேரப் பலகை, தொழுகை தொடங்கும் அழைப்பான இகாமத்துக்கு மணி அடித்துவிட்டதாம். வயலில் இருந்து வந்தவர்கள் அப்போதுதான் ஹவுளடியில் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டு இருந்தார்களாம். பலகை அடித்துவிட்டதே என்று இமாம் எழுந்து தொழுகையைத் தொடங்கிவிட்டார். பாதிப் பேருக்குத் தொழுகையின் முதல் சுற்றான ரக்அத் தவறிப் போய்விட்டது. தொழுகை முடிந்ததும் பள்ளிக்குள்ளேயே வாய்த்தர்க்கம்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "புரோகிராம் எழுதுற புள்ள பிழை விட்டுட்டா ஹாஜியார். பொம்புளப் புள்ளதானே. இனி ஒரு பொடியன வெச்சித்தான் செய்யப்போறன்."

நான் பிழை விடவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கல்முனையில் கடைவீதியை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருந்தது அந்தக் கடை. முன்பக்கத்தில் டிவியும் சவுண்ட் செட்டும் திருத்துவார்கள். பின்பக்கத்தில் நான். பள்ளிகளில் தொழும் திசையான கிப்லாப் பக்கச் சுவரில் மாட்டியிருக்கும் சிவப்பு எழுத்துப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள்; ஐந்து வேளையின் நேரத்தையும், இகாமத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் காட்டும். பெட்டி, விளக்கு, வயர் எல்லாம் முதலாளியின் வேலை. அதற்குள் ஓடும் புரோகிராம் என்னுடையது. பல்கலைக்கழகத்தில் கணினி படித்துவிட்டு, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, வீட்டில் இருந்த காலத்தில் என் வாப்பாவின் தூரத்துச் சொந்தமான இந்த மனிதர்தான் என்னை வேலைக்குக் கூப்பிட்டார். அண்ணன் முறையில், காக்கா என்றுதான் அவரை அழைப்பேன்.

பாங்கு நேரம் எங்கள் பகுதி முழுவதற்கும் ஒன்றுதான். பாங்குக்கும் இகாமத்துக்கும் இடையில் விடும் நேரம் அப்படியல்ல. அதை ஒவ்வொரு பள்ளியும் தன் சனத்தைப் பார்த்து முடிவு செய்யும். கடற்கரையோரப் பள்ளி ஒன்றில் எல்லா வேளைக்கும் குறைந்த நேரமே விடுவார்கள், தோணிக்குப் போகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று. வயல் ஊர்களில் கூட்டி விடுவார்கள். சந்தைக்குப் பக்கத்துப் பள்ளியில் நண்பகல் லுஹருக்கு ஒரு கணக்கு, அஸருக்கு வேறு கணக்கு.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே யாரோ எழுதி வைத்திருந்த முறை அந்த நிமிட எண்களைப் புரோகிராமுக்குள்ளேயே பதித்துவிடுவது. அதனால் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தனிப் பிரதி. நோன்பு வந்தால், மழைக்காலம் வந்தால், சபை மாறினால், எண் மாறும். அப்போது நான் புரோகிராமைத் திறந்து எண்ணை மாற்றி, புதிதாகத் தொகுத்து, கடை லெப்டொப்பில் போட்டுக் கொடுப்பேன். முதலாளி அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போய்ப் பலகையில் ஏற்றுவார். என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போனதே இல்லை. "அங்க ஆம்புளயள் இரிக்கிற இடம், உனக்கு என்னத்துக்கு" என்பார்.

அந்தத் தடவை கடற்கரைப் பள்ளியின் பிரதியை அவர் வரிப்பத்தான்சேனையில் ஏற்றிவிட்டார். லெப்டொப்பில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. நடந்தது அவ்வளவுதான். அதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. யாருக்கும் நடக்கலாம். "கை மாறிப் போச்சு ஹாஜியார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் மறந்திருப்பேன்.

போனை அவர் வைத்ததும் எழுந்து முன்பக்கம் போனேன். திருத்தக் கொடுத்த ரேடியோவை வாங்கப் பெண்ணொருத்தி நின்றிருந்தாள். அவள் போகும் வரை பொறுத்திருந்தேன்.

"காக்கா, அந்தப் பள்ளிக்கு மாத்தி ஏத்தினது ஆரு?"

அவர் நிமிரவில்லை. "அதுக்கென்ன புள்ள? உன்ன அவங்களுக்குத் தெரியவா போகுது. கடைட பேர் கெடாம இரிக்கணும், அதான்."

"எனக்குத் தெரியும்தானே" என்றேன். "அவருக்கு போன் எடுத்து உண்மையச் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. சிறிய விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்றார். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. ஒரு பெண் கடையில் கோபப்பட்டால் காரணம் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்களே, அதை எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன்! இனி எந்தப் பள்ளியின் எண்ணும் என் புரோகிராமுக்குள் இருக்காது என்று சொன்னேன். எண்கள் பலகையோடேயே இருக்கும், புரோகிராம் எல்லாருக்கும் ஒன்றே, அப்படித்தான் எழுதப் போகிறேன் என்றேன். கடை நேரத்தில் அதற்கு இடமில்லை என்றார். வீட்டில் எழுதுகிறேன் என்றேன்.

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கடைக்குக் கிளம்பும் வரை கிடைத்த காலை நேரங்களில் அதை எழுதினேன். பழைய புரோகிராமில் அந்த எண்கள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. மணி அடிக்கும் பகுதியில் ஒன்று, நேரத்தைப் பின்னோக்கி எண்ணிக் காட்டும் பகுதியில் அதே எண் இன்னொரு தடவை, வெளிச்சத்தைக் குறைக்கும் பகுதியில் வேறொன்று. ஓர் இடத்தில் மாற்றி மற்ற இடத்தில் மறந்தால் பலகை தனக்குத் தானே முரண்படும். எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்தேன்.

பிறகு ஒரு வகுப்பு எழுதினேன், புரோகிராமுக்குள் தனித்து நிற்கும் ஒரு பகுதி. அதற்கு ஒரே வேலை. பலகையில் செருகியிருக்கும் மெமரி காட்டில் உள்ள பைலைத் திறந்து, வரி வரியாக வாசித்து, சரிபார்த்து, கையில் வைத்துக்கொண்டிருப்பது. அந்த வகுப்பிலிருந்து பிறக்கும் ஒப்ஜெக்டுக்கு, செட்டிங்ஸ் என்பதற்குத் தமிழாக 'அமைப்பு' என்றே பெயர் வைத்தேன். மற்றப் பகுதிகள் எல்லாம் அதனிடம்தான் கேட்க வேண்டும். மணி அடிக்கும் ஒப்ஜெக்டுக்குத் தான் கடற்கரையில் இருக்கிறதா, வயல் ஊரில் இருக்கிறதா என்று தெரியாது. இஷாவுக்கு எவ்வளவு இடைவெளி என்று அமைப்பைக் கேட்கும், வந்த பதிலின்படி அடிக்கும். அந்தப் பதில் மெமரி காட்டிலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா என்பதும் அதற்குத் தெரியாது. அறிய வழியும் வைக்கவில்லை. பைலை நல்ல தமிழில் எழுதினேன். 'இஷா இகாமத் இடைவெளி' என்று ஒரு வரி, எதிரே நிமிடம். பள்ளி அலுவலகக் கொம்பியூட்டரில் காட்டைப் போட்டு, பாங்கு சொல்லும் மோதினாரே மாற்றிவிடலாம்.

ஒரே ஓர் இடத்தில் நின்று நெடுநாள் யோசித்தேன். பைல் இல்லாவிட்டால்? காட் பழுதாகி வாசிக்க முடியாமல் போனால்? யாராவது நிமிடத்துக்குப் பதில் எழுத்தைத் தட்டிவிட்டால்?

முதலாளியின் மருமகன் கொழும்பில் பெரிய சொஃப்ட்வெயர் கம்பனி ஒன்றில் இருக்கிறார். சோதித்துப் பார்க்கக் கடை லெப்டொப்பில் போட்டிருந்த என் வேலையில் பாதியை முதலாளி அவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருமகன் என்னை போனில் கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினார். வகுப்புகள் நன்றாகப் பிரிந்திருக்கின்றன என்றார். ஆனால் வாசிக்க முடியாவிட்டால் ஏதாவது ஒரு நியாயமான எண்ணைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், பாவிப்பவர்கள் பிழைச் செய்தியைப் பார்க்க விரும்புவதில்லை என்றார்.

வெளிச்சத்துக்கும் மணிச் சத்தத்துக்கும் அப்படியே எழுதியிருக்கிறேன் என்றேன். கொஞ்சம் கூடினால் குறைந்தால் யாருக்கும் நட்டமில்லை. கூட்டுத் தொழுகையான ஜமாஅத்துக்கு நியாயமான எண் என்று ஒன்று கிடையாது. நான் எந்த எண்ணைப் போட்டாலும் அது வேறு ஏதோ ஒரு பள்ளியின் எண். அதைத்தானே வரிப்பத்தான்சேனையில் பார்த்தோம்?

"அவங்க பாக்க விரும்பாதது பிழைச் செய்தியயா, பிழையான நேரத்தயா?" என்று கேட்டேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் மாற்றவில்லை. எண்ணை மட்டும் திருப்பித் தரும் வழியே அமைப்பில் வைக்கவில்லை. ஒன்று, கிடைத்தது, இதோ என்று தரும்; அல்லது கிடைக்கவில்லை என்று சொல்லும். கேட்கும் பகுதி இரண்டுக்கும் ஆயத்தமாக இருந்தே ஆக வேண்டும். கிடைக்காத அன்று பலகை பாங்கு நேரத்தையும் இப்போதைய நேரத்தையும் மட்டும் காட்டும், இகாமத் வரும் இடத்தில் 'அமைப்பை வாசிக்க முடியவில்லை' என்று எழுதும், மணி அடிக்காது.

வரிப்பத்தான்சேனைப் பள்ளிக்கு இதை முதலில் கொண்டுபோக வேண்டும் என்றேன். அடுத்த கிழமை ஒரு பொடியன் வருவான் என்று முதலாளி அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். பொடியன் யாரும் இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளின் வாப்பாவான என் மாப்பிள்ளையின் மோட்டர் சைக்கிளில் பின்னால் ஏறி, என் லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு நானே போனேன். அறுவடை நெருங்கியிருந்த காலம். பாதை ஓரமெல்லாம் நெல் மணந்தது. வழியில் என் மாப்பிள்ளை ஒரு தடவை மட்டும் கேட்டார், காக்காவுக்குச் சொல்லிவிட்டா வந்தாய் என்று. இல்லை என்றேன். வேறொன்றும் கேட்காமல் ஓட்டினார்.

லுஹர் முடிந்து சனம் கலைந்திருந்தது. மோதினார் வந்து என் மாப்பிள்ளைக்கு சலாம் சொல்லி, பலகையைத் திருத்த வந்தவர் அவர்தானா என்று கேட்டார்.

"எனக்கு இதுல ஒண்டும் தெரியா" என்றார் என் மாப்பிள்ளை. "அவதான் எழுதினவ. அவவிட்டயே கதைங்க."

மோதினார் உள்ளே போய்த் தலைவரை அழைத்து வந்தார். வெள்ளைத் தாடி, கையில் குடை. என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பள்ளிக்குள் வருவது பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன். உள்ளே வரத் தேவையில்லை, பலகையைக் கழற்றி வெளியே கொண்டுவந்து தந்தால் போதும் என்றேன். ஆனால் வேலையை முடிக்காமல் திரும்பிப் போக வரவில்லை என்பதையும் என் குரலில் வைத்தேன். பக்கத்தில் இருந்த மதரஸா அறையைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஓதும் தாழ்ந்த மேசையில் பலகையைக் கிடத்தி வேலையைத் தொடங்கினேன். தலைவர் கதிரை போட்டு எதிரே இருந்தார்.

புரோகிராமை ஏற்றி முடித்ததும் பைலைத் திறந்து காட்டினேன். வரிகளை அவர் வாய்விட்டு வாசித்தார். இஷாவுக்கு எதிரே இருந்த நிமிடத்தை அவரையே தட்டச் சொன்னேன். ஒற்றை விரலால் தட்டினார். காட்டைச் செருகிப் பலகைக்குக் கரண்ட் கொடுத்தேன். அவர் தட்டிய எண் பலகையில் வந்தது.

"அப்ப அண்டைக்கு நீங்க விட்ட பிழை இனி வராதா மகள்?"

இதற்காகத்தான் நான் வந்தேன். "அண்டைக்குப் பிழை விட்டது நான் இல்ல ஹாஜியார்" என்றேன். "நான் எழுதினது சரி. உங்கட பள்ளிக்கு வேற பள்ளிட புரோகிராம ஏத்தினதுதான் பிழை. ஏத்தினதும் நான் இல்ல."

"அவர் நீங்க எண்டுதானே சொன்னாரு."

"ஓம். நானும் கேட்டுக்கிட்டுத்தான் இரிந்தன்."

அவர் என் மாப்பிள்ளையைப் பார்த்தார். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தலைவர் இடுப்பிலிருந்து போனை எடுத்து, அங்கிருந்தே முதலாளியை அழைத்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார், அன்று பலகையில் ஏற்றியது யார் என்று. மறுபக்கத்தில் முதலாளி நீளமாக ஏதோ பேசினார். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப அந்தப் புள்ளயச் சொன்னது ஏன்?" என்றார். அதற்கு வந்த பதில் சிறியது. போனை வைத்துவிட்டு, மோதினாரிடம் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். என்னிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. இஷாவுக்கு வரும் சனத்திடம் நடந்ததைச் சொல்கிறேன் என்றார். சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஞாயிறு கடைக்கு விடுமுறை. திங்கள் போனபோது முதலாளி என் மேசையைத் துடைத்து வைத்திருந்தார். என்னைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாய், இனி வர வேண்டாம் என்றார். சரி என்றேன். என் கோப்பையையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் எழுதிய புரோகிராம் என்னுடையது, அது என்னோடு வரும் என்றும் சொன்னேன். தெருவுக்கு வந்து பஸ் ஏறினேன்.

எங்களோடேயே இருக்கும் உம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொந்தக்காரரோடு பகைத்துக்கொண்டாளே, கொஞ்சம் பணிந்து போனால் என்ன என்று மற்றவர்களிடம் சொன்னார். பணிந்து போனால் அந்தப் பிழை என் பெயரிலேயே கிடக்கும் என்று அவருக்குப் புரிய வைக்க முயன்று விட்டுவிட்டேன்.

முதலாளி தானாகவே வீட்டுக்கு வந்தார், நோன்பு நெருங்கும்போது. வரிப்பத்தான்சேனையில் இருப்பது போல, தாங்களே மாற்றக்கூடிய பலகை வேண்டும் என்று பள்ளிகள் கேட்கத் தொடங்கியிருந்தன. வாசலில் நின்றே பேசினார். உள்ளே வந்து இருக்கச் சொன்னேன். திரும்பி வருவதென்றால் இரண்டு விஷயம் என்றேன். பலகை மாட்டும் இடத்துக்கு நானும் வருவேன். பிழை நடந்தால் யார் செய்தாரோ அவருடைய பிழை என்றே சொல்ல வேண்டும், அது நானாக இருந்தாலும். தலையை ஆட்டினார். உம்மா அவருக்கு இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார்.

அந்த ஒப்பந்தத்துக்குச் சோதனை வரக் கனநாள் செல்லவில்லை. புதுப் புரோகிராம் ஏற்றியிருந்த கடற்கரைப் பள்ளியின் பலகை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் 'அமைப்பை வாசிக்க முடியவில்லை' என்று காட்டத் தொடங்கியது. உப்புக்காற்று மெமரி காட்டின் உலோகப் பற்களைத் தின்றிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சபைச் செயலாளரும் இன்னும் சிலரும் நின்றார்கள். ஜும்ஆவுக்கு வெளியூர்ச் சனமெல்லாம் வரும், சுவரில் இப்படி எழுதிக்கொண்டிருந்தால் பள்ளிக்கு வெட்கம் என்றார் செயலாளர். முதலாளி உடனே என் பக்கம் திரும்பி, மருமகன் சொன்னதைப் போல ஒரு எண்ணைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி இப்போதே மாற்றித் தரச் சொன்னார். எல்லாருக்கும் முன்னால் கேட்டால் மறுக்க மாட்டேன் என்று நினைத்திருப்பார்.

"ஏலா காக்கா" என்றேன்.

செயலாளர் என்னைப் புதிதாகப் பார்த்தார். அவரிடமே சொன்னேன்: "தெரியாட்டி தெரியா எண்டு சொல்ற பலகைய நீங்க நம்பலாம். தெரியாம ஒரு நேரத்தக் காட்டினா அண்டைக்குப் பிழை எண்டு உங்களுக்கே தெரியவராது. வெக்கம் எண்டா இண்டைக்கு ஒரு நாள்தான்."

அவர் முகம் இளகவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வாய் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அன்று ஜும்ஆவுக்கு மோதினார் கைக்கடிகாரத்தைப் பார்த்தே நேரம் சொன்னார். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

காட்டை நம்பிப் பயனில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பலகையின் சிப்புக்குள்ளேயே கரண்ட் போனாலும் அழியாத சிறிய நினைவகம் உண்டு. எண்களை அங்கே எழுதி, அங்கிருந்தே வாசிக்கும்படி அமைப்பு வகுப்பை மட்டும் திருத்தினேன். பக்கத்தில் நின்று போனிலிருந்தே எண்ணை மாற்ற ஒரு வழியும் செய்தேன். மணி அடிக்கும் பகுதியில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. பதில் எங்கிருந்து வருகிறது என்று அதற்கு முதலிலேயே தெரியாதே! மற்றப் பலகைகளுக்கும் அதே திருத்தத்தை ஏற்றிக்கொண்டு வந்தோம். சில இடத்தில் பள்ளி வாசலில் இருந்து வேலை செய்தேன், சில இடத்தில் அலுவலக அறைக்குள், ஓரிடத்தில் வேப்பமர நிழலில். இரண்டு பள்ளிகளில் மட்டும் ஆம்பிளை ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். வேறு ஆளில்லை, நான்தான் வருவேன் என்று சொன்னேன். ஒரு பள்ளி சம்மதித்தது. மற்றது வேறு கடைக்குப் போனது. போகட்டும்.

முதலாளிக்கும் எனக்கும் இப்போது பெரிய அன்பும் இல்லை, சண்டையும் இல்லை. பலகைகளைப் பற்றி யாராவது கேட்டால் "அது புள்ளட வேல, அவகிட்டக் கேளுங்க" என்கிறார். நல்லதைச் சொன்னாலும் குறை சொன்னாலும் அதே வார்த்தைதான்.

போன மாதம் அக்கரைப்பற்றில் ஒரு புதுப் பள்ளிக்குப் பலகை கொடுத்தோம். ஆலையடிவேம்புப் பக்கம் பார்த்த பள்ளி. மாட்டும் முன் எல்லாச் செய்திகளையும் ஓடவிட்டுக் காட்டினேன். சபையில் ஒருவர், அந்த வாசிக்க முடியவில்லை என்ற வரி தேவைதானா, எடுத்துவிட முடியாதா, இல்லாவிட்டால் கண்ணுக்குப் படாமல் ஓரத்தில் சின்னதாகப் போட முடியாதா என்று கேட்டார். அந்த எழுத்தின் அளவை மாற்ற வேண்டும் என்றவரை அவர் சொன்னதும் சரிதான் என்று தோன்றியது. பின்வரிசையில் இருப்பவர்களுக்கு அந்த எழுத்து இருக்கும் அளவில் கண்ணுக்கு எட்டாது. லெப்டொப்பைத் திறந்து, அந்த வரியை இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பலகையில் ஏற்றிவிட்டு, இப்போது எப்படி இருக்கிறது என்று அவரையே கேட்டேன்.